மோட்டார்ஹோம் தண்ணீர் அமைப்பைக் குளிர்காலத்துக்கு மூடுவது: காற்றா, பிங்க் திரவமா, சூடா?

கனடாவின் ஒன்டாரியோவில் அக்டோபர் நடுவில் நன்றி நவிலல் விடுமுறை முடிந்ததும் பல முகாம்களில் தண்ணீர் இணைப்பை மூடிவிடுகிறார்கள். மோட்டார்ஹோம் வைத்திருப்பவருக்கு அப்போது கேள்வி எழும்: வண்டிக்குள் ஓடும் பைப், பம்ப், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் ஏப்ரல் வரை எப்படிக் காப்பாற்றுவது? கம்ப்ரசரால் காற்றடித்து வெளியேற்றினால் போதும் என்பார் ஒருவர். பிங்க் ஆன்டிஃப்ரீஸ் (பைப்பை உறைபனியிலிருந்து காக்கும் திரவம்) போடாமல் விடவே விடாதீர்கள் என்பார் இன்னொருவர். சூடான கொட்டகையில் நிறுத்துங்கள், டீலரிடம் கொடுத்துவிடுங்கள், பேசாமல் ஃபுளோரிடாவுக்கு ஓட்டிவிடுங்கள் என்பவர்களும் உண்டு. அவரவர் வண்டிக்கு அவரவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

கோவிட் காலத்தில் இந்த வண்டிகள் விற்றுத் தீர்ந்தன. 2021இல் மட்டும் வட அமெரிக்க ஆலைகளிலிருந்து ஆறு லட்சம் ஆர்.வி.கள் (மோட்டார்ஹோம், கேம்பர் போன்ற வீட்டு வண்டிகள்) டீலர்களுக்குப் போயின. அதற்கு முன் அப்படியொரு ஆண்டு இருந்ததில்லை. அவற்றில் பல இப்போது கைமாறிக்கொண்டிருக்கின்றன. கைமாறும் வண்டியோடு கையேடு வருவது அபூர்வம். அதனால் எந்த வால்வு எங்கே இருக்கிறது என்றே தெரியாதவரையும் மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டியிருக்கிறது.

உடைவது எது?

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. பருக்க இடமிருந்தால் ஒன்றுமில்லை; அடைபட்டிருந்தால் எதையாவது பிளந்துகொண்டுதான் வெளியே வரும். இப்போதைய வண்டிகளில் பைப்புகள் பெரும்பாலும் பெக்ஸ் பிளாஸ்டிக். அது கொஞ்சம் நெகிழும், ஓரிரு முறை உறைந்தாலும் தாங்கிக்கொள்ளக்கூடும். போவது மற்றவைதான்: பைப்பை இணைக்கும் எல்போக்கள் (வளைந்த இணைப்புத் துண்டுகள்), பம்பின் தலைப்பகுதி, வடிகட்டியின் கிண்ணம், கழிப்பறையின் தண்ணீர் வால்வு, சமையலறைக் குழாயின் உள்பாகம், வெளிப்புற ஷவர், வெளித் தண்ணீரை இணைக்கும் இடத்தில் இருக்கும் ஒருவழி வால்வு. ஜனவரியில் இவற்றில் ஒன்று விரிந்தால் அன்று யாருக்கும் தெரியாது. உறைந்த தண்ணீர் சொட்டாது. வசந்தத்தில் பம்ப் சுவிட்சைப் போட்ட பிறகு சுவருக்குப் பின்னால், தரைப்பலகைக்கு அடியில் ஈரம் பரவி, பலகை ஊதிய பிறகே தெரியவரும். உடைந்த எல்போவின் விலை சில டாலர்தான். அதை எட்டுவதற்காகப் பெயர்க்க வேண்டிய அலமாரிக்கும் தரைக்கும்தான் பணம் போகும். இந்தச் சேதத்தைப் பராமரிப்புக் குறை என்று சொல்லி ஒதுக்கும் காப்பீட்டுத் திட்டங்கள் பல உண்டு. உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஆகவே ஒரு முறையை எடைபோட விலையையோ நேரத்தையோ முதலில் பார்க்க வேண்டாம். மேலே சொன்ன சின்னச் சின்ன மூலைகளில் தங்கும் தண்ணீரை அந்த முறை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் முதல் பாதி வேலை ஒன்றுதான். நல்ல தண்ணீர் டேங்கைத் திறந்து வடித்துவிட வேண்டும். கழிவு டேங்குகளைக் கொட்டிக் கழுவ வேண்டும். வண்டியின் தாழ்வான இடத்தில் சூடு, குளிர் இரண்டு பைப்புக்கும் தனித்தனி வடிகால் மூடிகள் இருக்கும். இரண்டையும் திறக்க வேண்டும். வடிகட்டியைக் கழற்றி எறிய வேண்டும். கருத்து வேறுபாடெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

காற்று

கம்ப்ரசர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இது ஏறத்தாழ இலவசம். வெளித் தண்ணீர் இணைப்பில் ஒரு சின்ன அடாப்டரைத் திருகி, காற்றை உள்ளே விட்டு, குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டே போக வேண்டும். அழுத்தம் 30 முதல் 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) போதும். டயருக்கு ஏற்றுவதுபோல் 80, 100 என்று போனால் பனி செய்யவேண்டிய சேதத்தை நாமே செய்துவிடுவோம்.

அழுத்தத்தைவிடக் காற்றின் அளவே முக்கியம். காரின் 12 வோல்ட் துளையில் செருகும் டயர் பம்ப் முள்ளில் 40 காட்டும். ஆனால் குழாயைத் திறந்ததும் புஸ்ஸென்று அடங்கிவிடும். காற்று தண்ணீருக்கு மேலாக ஓடி வெளியேற, தண்ணீர் பைப்பின் அடியிலேயே கிடக்கும். இருபது லிட்டராவது கொள்ளும் டேங்க் உள்ள கம்ப்ரசர் வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் சற்று நேரம் விட்டு மறுபடி அடித்தால் புதிதாகத் தண்ணீர் துப்பும். பள்ளங்களில் அதற்குள் மறுபடி சேர்ந்திருக்கும். குழாயிலிருந்து ஈரப்புகைகூட வராத வரைக்கும் அடிப்பவர்கள்தான் இந்த முறையில் தப்பிக்கிறார்கள்.

இதன் பெரிய நன்மை, அமைப்புக்குள் வேறு எதுவும் போவதில்லை என்பது. வசந்தத்தில் வாடை கிடையாது, நுரை கிடையாது. நவம்பரில் திடீரென்று வெயிலான ஒரு வாரயிறுதி வந்தால் தண்ணீர் நிரப்பிக் கிளம்பிவிட்டு, திரும்பியதும் அரை மணி நேரத்தில் மறுபடி காற்றடித்து மூடிவிடலாம்.

குறை எங்கே என்றால், வெளி இணைப்பு வழியாக விடும் காற்று பம்ப்புக்குள் போகாது. பம்ப்பில் ஒருவழி வால்வு இருப்பதால் அது வாசலிலேயே நின்றுவிடும். டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள பைப்பும் பம்ப்பின் தலையும் அப்படியே ஈரமாக இருக்கும். டேங்க் காலியான பிறகு பம்ப்பைச் சில வினாடி வெறுமனே ஓடவிட்டால் பெரும்பகுதி வெளியேறும், முழுவதும் என்று சொல்ல முடியாது. துணி துவைக்கும் இயந்திரமும் ஐஸ் மேக்கரும் உள்ள பெரிய வண்டிகளில் இப்படித் தண்ணீர் பதுங்கும் இடம் இன்னும் கூடும். சின்க்குக்குக் கீழே வளைந்து நிற்கும் கழிவுப் பைப்பைக் காற்றால் ஒன்றும் செய்ய முடியாது. காற்றையே நம்புகிறவரும் அங்கே ஒரு கப் பிங்க் திரவம் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

வான்கூவர் பக்கம், அல்லது அமெரிக்காவில் கரோலினாக்கள் போல, இரவில் மட்டும் பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கிப் பகலில் மேலே வந்துவிடும் ஊர்களுக்குக் காற்று போதும். ஒரு சின்க், ஒரு ஷவர், ஆறேழு அடி பைப் மட்டுமே உள்ள சிறிய கேம்பர் வேனுக்கும் போதும். வட ஒன்டாரியோவின் சட்பரியிலோ தண்டர் பேயிலோ மைனஸ் 30க்குப் போகும் இரவுகளை அதை மட்டும் நம்பிக் கடப்பது என் கணக்கில் சூதாட்டம்.

பிங்க் திரவம்

கடையில் ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் என்று 3.78 லிட்டர் கேன்களில் கிடைப்பது பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த தண்ணீர். காரின் ரேடியேட்டருக்கு ஊற்றுவது எத்திலீன் கிளைக்கால்; அது விஷம். குடிதண்ணீர் ஓடும் பைப்புக்குள் அது ஒரு சொட்டும் போகக்கூடாது. கேனில் புரொப்பிலீன் என்ற பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான சில கேன்களில் எத்தனால் கலந்திருப்பார்கள். அது எளிதில் தீப்பற்றும், ரப்பர் சீல்களை உலர்த்திவிடும், வசந்தத்தில் வாடையும் லேசில் போகாது. இரண்டு டாலர் மிச்சம் பிடிக்க அதை வாங்க வேண்டாம்.

கேனின் முகத்தில் பெரிதாக மைனஸ் 50 என்று இருக்கும். அது ஃபாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் ஏறத்தாழ மைனஸ் 45. அதுவும் பைப் வெடிக்காமல் காக்கும் எல்லைதான். திரவம் மைனஸ் 10, 12 செல்சியஸிலேயே பனிக்கூழாக மாறத் தொடங்கிவிடும். கூழ் பைப்புக்குள் நகர்ந்து இடம் தேடிக்கொள்ளும், கெட்டிப் பனிபோல் நெட்டித் தள்ளாது. ஜனவரியில் கழிப்பறைக் கிண்ணத்தில் பிங்க் கூழைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் கலப்படமில்லாத திரவத்துக்கு. பைப்பில் ஏற்கெனவே தேங்கியிருந்த தண்ணீரோடு கலந்து பாதிக்குப் பாதி ஆகிவிட்டால் மைனஸ் 45 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. பிங்க் போட்டும் எல்போ உடைந்தது என்று புலம்புபவர்களில் பலரிடம் விசாரித்தால் விஷயம் இங்கேதான் வந்து நிற்கும்.

பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் ஒரு மூன்றுவழி வால்வும் சின்னக் குழலும் இருந்தால் வேலை சுலபம். குழலைக் கேனுக்குள் விட்டு, வால்வைத் திருப்பி, பம்ப்பைப் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு குழாயிலும் குளிர் பக்கம், சூடு பக்கம் இரண்டும் திட்டமான பிங்க் நிறத்தில் வரும்வரை திறந்து மூட வேண்டும். வெளிறிய ரோஜா நிறம் வந்ததும் நிறுத்திவிடக்கூடாது. அது தண்ணீர் கலந்த திரவம். பலரும் மறக்கும் இடங்கள் வெளிப்புற ஷவர், கழிப்பறையின் கைத்தெளிப்பான், வெளித் தண்ணீர் இணைப்பு ஆகிய மூன்றும். கடைசியாகச் சொன்னதில் வலைச் சல்லடையைக் கழற்றி, பம்ப்பை நிறுத்தி அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒருவழி வால்வின் நடுப்பகுதியை ஒரு நொடி அழுத்தினால் பிங்க் பீச்சிவரும். முகத்தை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த மூன்றுவழி வால்வு இல்லாத பழைய வண்டிகளில் திரவத்தை நல்ல தண்ணீர் டேங்கிலேயே ஊற்றிப் பம்ப் பண்ணுபவர்கள் உண்டு. டேங்கின் அடியில் எப்போதும் சில லிட்டர் மிஞ்சியிருக்கும். அதோடு கலந்து திரவம் நீர்த்துப்போகும், கேன்களும் வீணாகும், வசந்தத்தில் டேங்க் முழுவதும் அந்த இனிப்பு வாடை அடிக்கும். அதற்குப் பதில் வால்வும் குழலும் சேர்ந்த சிறு தொகுப்பை ஒருமுறை வாங்கிப் பொருத்திவிடலாம். கைப்பம்ப் வைத்து வெளி இணைப்பு வழியாகத் திரவத்தைத் தள்ளலாம் என்பார்கள். தள்ளலாம்தான். ஆனால் பம்ப்பின் தலை மறுபடியும் விட்டுப்போகும்.

ஹீட்டரைச் சரியாக ஒதுக்கிவிட்டால் (எப்படி என்பது கீழே) நடுத்தர வண்டி ஒன்றுக்கு இரண்டு மூன்று கேன் போதும். மேலும் ஒரு கேனைக் கழிவுப் பைப் வளைவுகளுக்கும், கழிவு டேங்குகளின் வெளியேற்று வால்வுகளைச் சுற்றி நிற்கவும் வைத்துக்கொள்ளலாம். கழிப்பறையின் ரப்பர் சீல் குளிர்காலம் முழுக்க ஈரமாக இருப்பதும் இந்த முறையில் கிடைக்கும் ஒரு நன்மை.

இரண்டையும் சேர்த்தால்

டொராண்டோவும் அதற்கு வடக்கும் என்றால் என் தேர்வு இதுதான்: முதலில் காற்று, அதற்கு மேல் பிங்க். காற்று தேங்கிய தண்ணீரைக் குறைக்கிறது, அதனால் திரவம் நீர்த்துப்போவதில்லை. காற்று எட்டாத பம்ப்பையும் வால்வுகளையும் திரவம் எட்டுகிறது. ஒன்றின் குறையை மற்றது சரியாக அடைப்பது இங்கே தற்செயலாக அமைந்த வசதி. கூடுதல் செலவு அரை மணி நேரம். கம்ப்ரசர் இல்லையென்றால் தாழ்வான வடிகால்களைத் திறந்துவைத்து, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, வண்டியைச் சற்றுச் சாய்வில் சில மணி நேரம் நிறுத்திவைத்தாலே பாதிப் பலன் கிடைக்கும்.

ஹீட்டர் தனி விவகாரம்

காற்றா பிங்க்கா என்று சண்டை போடுபவர்கள் ஒரே பேச்சில் ஹீட்டரையும் சேர்த்துவிடுகிறார்கள். அது வேறு கணக்கு. டேங்க் உள்ள ஹீட்டர்கள் பெரும்பாலும் 6 அல்லது 10 அமெரிக்க காலன், அதாவது 23 அல்லது 38 லிட்டர் கொள்ளும். அதைப் பிங்க் திரவத்தால் நிரப்புவது ஆறு முதல் பத்து கேன் பணத்தைக் குழிக்குள் போடுவது. வசந்தத்தில் அத்தனையையும் கழுவ வேண்டிய தலைவலி வேறு. டேங்கை வடித்துவிட்டு, பைபாஸ் வால்வால் அதைச் சுற்றுப்பாதையிலிருந்து விலக்கிவிடுவதே முறை.

வடிப்பதற்கு முன் மின்சாரமும் எரிவாயுவும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். வெளித் தண்ணீரையும் பம்ப்பையும் நிறுத்தி, ஒரு சூடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, ஹீட்டரின் பாதுகாப்பு வால்வைத் தூக்கி அழுத்தத்தை விட்ட பிறகே அடியிலுள்ள மூடியைத் தொட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் கொதிநீர் நேராக மார்பில் அடிக்கும்.

அந்த மூடியைப் பார்த்தே உங்கள் ஹீட்டர் எந்த வகை என்று தெரிந்துவிடும். சபர்பன் நிறுவனத்தின் ஹீட்டரில் உள்பூச்சுள்ள எஃகு டேங்க். அதன் மூடியோடு நீளமான ஒரு அனோட் கம்பி சேர்ந்து வெளியே வரும். கழற்ற 1 1/16 அங்குல சாக்கெட் வேண்டும். டேங்க் அரிக்கப்படாமல் இருக்க அந்தக் கம்பி தானே கரைந்துகொண்டிருக்கும். முக்கால்வாசி கரைந்திருந்தால் புதியது மாட்டுங்கள். ஆட்வுட் ஹீட்டரில் அலுமினிய டேங்க்; 2014இல் அந்த நிறுவனத்தை டொமெட்டிக் வாங்கியது. அதில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் மூடி, அனோட் கிடையாது. பிளாஸ்டிக் புரி என்பதால் பலத்தைக் காட்டாமல் கையால் தொடங்கி முறுக்குங்கள். ‘பாதுகாப்புக்காக’ அதில் அனோட் மாட்டச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மூடியைத் திறந்து எல்லாம் வடிந்த பிறகும் டேங்கின் அடியில் ஓரிரண்டு லிட்டர் தங்கும். துளை அடிமட்டத்தைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால் அப்படி. கவலை வேண்டாம், அதற்குப் பருக்க மேலே டேங்க் முழுவதும் இடமிருக்கிறது. ஒரு மெல்லிய நீர்க்குழலை உள்ளே விட்டுச் சுண்ணாம்புப் படிவைக் கழுவி எடுப்பதற்கு இதைவிட நல்ல சமயம் கிடையாது.

பைபாஸில் மூன்று வகை உண்டு: ஒற்றை வால்வு, இரட்டை வால்வு, மூன்று வால்வு. மூன்று வால்வு உள்ளதில் ஹீட்டருக்குப் போவதும் வருவதும் மூடியிருக்க வேண்டும், நடுவிலுள்ளது திறந்திருக்க வேண்டும். ஒற்றை வால்வு வகையில் சூடுதண்ணீர் வெளியேறும் வாயில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும். அது பழுதாகிவிட்டால் பிங்க் திரவம் பின்பக்கமாக ஹீட்டருக்குள் ஓடும். இரண்டு கேன் தீர்ந்தும் சூடு பக்கக் குழாயில் நிறம் தென்படவில்லையா, ஹீட்டர்தான் குடித்துக்கொண்டிருக்கிறது. பம்ப்பை நிறுத்திவிட்டு வால்வுகளைப் பாருங்கள்.

டேங்க் காலியாக இருக்கும்போது மின்சாரப் பக்கத்தைப் போட்டால் உள்ளேயிருக்கும் ஹீட்டிங் எலிமென்ட் சில நிமிடத்தில் கருகிவிடும். மார்ச்சில் வண்டியை எட்டிப் பார்க்க வரும் மச்சான் ஒருவர் ஆர்வக்கோளாறில் சுவிட்சைத் தட்டக்கூடும். சுவிட்ச் மேல் ஒரு டேப் ஒட்டி எழுதிவையுங்கள்.

டேங்கே இல்லாத உடனடி ஹீட்டர்களில் தண்ணீர் மெல்லிய வெப்பமாற்றிக் குழாய்க்குள் ஓடுகிறது. கால் கப் தண்ணீர் தங்கினாலும் அது கீறிவிடும், மாற்றுவதும் செலவு. சில மாடல்களில் பிங்க் திரவத்தை அதன் வழியாகவே ஓட்டச் சொல்வார்கள், சிலவற்றில் வடித்தால் போதும் என்பார்கள். இங்கே உங்கள் மாடலின் கையேடு சொல்வதே முடிவு. இணையத்தில் மாடல் எண்ணைப் போட்டால் கிடைக்கும். ஐரோப்பிய வகை கேம்பர் வேன்களில் வரும் ட்ரூமா காம்பி ஹீட்டரில் ஃப்ராஸ்ட்கன்ட்ரோல் என்றொரு வால்வு இருக்கிறது. சுற்றுப்புறம் ஏறத்தாழ 3 செல்சியஸுக்கு இறங்கினால் அது தானே திறந்து கொதிகலனைக் காலி செய்துவிடும். மறுபடி 7 செல்சியஸ் வாக்கில் வெப்பம் ஏறும்வரை மூடவிடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது காப்பது கொதிகலனை மட்டும், குழாய்களையும் பம்ப்பையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். பம்ப் சுவிட்சை அணைக்காமல் விட்டால் அந்த வால்வு வழியாக டேங்க் முழுவதும் தரையில் போய்விடும்.

பெரிய டீசல் மோட்டார்ஹோம்களில் உள்ள அக்வா-ஹாட் போன்ற அமைப்புகளில் இரண்டு தனிச் சுற்றுகள். அறையைச் சூடாக்கும் சுற்றில் ஏற்கெனவே கிளைக்கால் கலவை ஓடுகிறது, அதைத் தொட வேண்டாம். குளிக்கும் தண்ணீர் ஓடும் சுருள் தனி. அதற்குள் பிங்க் போக வேண்டும் அல்லது முழுமையாகக் காற்றடிக்க வேண்டும். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் முதல் ஆண்டாவது அனுபவமுள்ளவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

தண்ணீரை எடுக்காமல் சூட்டை வைத்துச் சமாளிப்பது

சூடான உள்ளரங்க நிறுத்துமிடம் சொகுசு. தண்ணீர் அமைப்பைத் தொடவே வேண்டாம், பனிச்சுமையும் எலியும் தொந்தரவு செய்யாது. மாதத்துக்குச் சில நூறு டாலர் வாடகை. ஆனால் மின்சாரத்தை நம்பி இருக்கிறது. 2013 டிசம்பர் பனிமழையில் டொராண்டோவில் மட்டும் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. கிறிஸ்துமஸ் தாண்டியும் சிலருக்கு வரவில்லை. அப்படிப்பட்ட வாரத்தில் கொட்டகைக்காரரிடம் ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதுதான் உங்கள் பைப்பின் தலையெழுத்து. அங்கே விட்டாலும் டேங்குகளையும் ஹீட்டரையும் வடித்துவிட்டு வைப்பேன்.

வண்டியில் தங்கிக்கொண்டே குளிர்காலத்தைக் கழிப்பது இன்னொன்று. நான்கு பருவ வண்டி என்று விற்கப்படுபவற்றில் அடிப்பகுதி மூடப்பட்டு, பர்னஸின் (எரிவாயுவில் எரிந்து அறையைச் சூடாக்கும் கருவி) சூடு ஒரு குழாய் வழியாக டேங்குகள் பக்கம் போகும். இதில் ஒரு பொறி உண்டு. எரிவாயுவை மிச்சப்படுத்த மின்சார ஹீட்டர் வைத்து உள்ளறையைச் சூடாக்கினால் தெர்மோஸ்டாட் திருப்தியடைந்து பர்னஸ் நின்றுவிடும். மேலே நீங்கள் கதகதப்பாகத் தூங்க, கீழே டேங்க் உறையும். பர்னஸை நம்பினாலோ, 30,000 பிடியு (மணிக்கு எரிக்கும் வெப்பத்தின் அளவு) பர்னஸ் ஒன்று நிற்காமல் எரிந்தால் 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் பதினான்கு மணி நேரம் வரும். கடுங்குளிரில் பாதி நேரம் எரிகிறது என்று வைத்தாலும் ஒரு நாள் சொச்சம்தான். அதன் விசிறி பேட்டரியையும் தின்னும். முழுநேரம் வண்டியில் வாழ்பவர்களுக்கு வேறு வழியில்லை. விடுமுறைக்கு மட்டும் பயன்படுத்துபவர் இந்த வேடிக்கைக்குள் இறங்க வேண்டியதில்லை.

இரண்டுக்கும் நடுவில் அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். அமைப்பை முழுக்கப் பிங்க் போட்டு மூடிவிட்டு, அதே வண்டியில் குளிர்கால முகாமுக்குப் போவது. ஒன்டாரியோவின் ஆல்கன்குயின் பூங்காவின் மியூ லேக் முகாம் குளிர்காலத்திலும் மின் இணைப்போடு திறந்திருக்கும். குடிக்கவும் சமைக்கவும் கேனில் தண்ணீர். பாத்திரம் கழுவியதை ஒரு வாளியில் பிடித்து வெளியே சரியான இடத்தில் கொட்டுவது. வண்டிக் கழிப்பறையைக் கழுவத் தண்ணீருக்குப் பதில் கொஞ்சம் பிங்க் திரவம். குளிக்க முகாமின் சூடான குளியலறை. ஒரு குழாயையும் திறக்காமல் பனியில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம்.

தெற்கே ஓட்டிவிடுவது

ஓய்வுபெற்றவர்களுக்கு இது உண்மையான தெரிவு. ஒன்டாரியோ மருத்துவக் காப்பீடு தொடர ஆண்டில் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருந்தாக வேண்டும். மிச்ச 212 நாளை வெளியே கழிக்கலாம். ஆனால் அமெரிக்கா பொதுவாக ஆறு மாதம்தான் தங்கவிடும். நாள் கணக்கை எழுதி வைத்துக்கொள்வது உத்தமம். தண்ணீர் விஷயத்தில் யோசிக்க வேண்டியது பயணத்தை. ஃபுளோரிடாவுக்குப் போகும் ஐ-75 நெடுஞ்சாலையில் ஒஹையோ, கென்டக்கி, டென்னஸி எல்லாமே ஜனவரியில் உறையும் ஊர்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு கிளம்புபவர்கள் பிங்க் போட்டபடியே ஓட்டி, ஜார்ஜியாவின் தெற்குப் பகுதியில் கழுவிவிட்டுத் தண்ணீர் நிரப்புவதுதான் சரி. நவம்பர் தொடக்கத்திலேயே கிளம்புபவருக்கு இந்தச் சிரமமில்லை.

போய்ச் சேர்ந்த ஊரும் உத்தரவாதமில்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸின் தென்கோடிவரை உறைந்தது, மின்சாரம் 45 லட்சம் வீடுகளுக்கு மேல் போனது. குளிருக்குத் தப்பி அங்கே போயிருந்தவர்களும் அந்த வாரம் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே தெற்கே போகும் வண்டியிலும் இரண்டு கேன் பிங்க்கும் ஹீட்டர் மூடியைக் கழற்றும் ஒரு சாக்கெட்டும் இருக்கட்டும்.

டீலரிடம் கொடுப்பது

சில நூறு டாலர். முதல் ஆண்டுக்கு நியாயமான செலவு, குறிப்பாகக் கையேடில்லாத பழைய வண்டிக்கு. ஆனால் அக்டோபர் கடைசியில் அவர்கள் வாசலில் வரிசை நீளும். முதல் கடும் உறைபனி இரவுக்கு முன் உங்கள் முறை வரும் என்ற நிச்சயமில்லை. எழுத்தில் என்னென்ன செய்தார்கள் என்று கேளுங்கள்: ஹீட்டர் வடித்தார்களா, வெளிப்புற ஷவர், துவைக்கும் இயந்திரம், பம்ப் எல்லாம் பட்டியலில் இருக்கிறதா? அனுமதித்தால் அவர்கள் செய்வதைக் கைபேசியில் படம் பிடித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் படமே உங்கள் கையேடு.

யாருக்கு எது

சிறிய வேன், மிதமான குளிர், இடையிடையே பயன்பாடு என்றால் காற்றும் கழிவு வளைவுகளுக்கு ஒரு கேனும் போதும். வீட்டு வாசலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நிற்கப்போகும் நடுத்தர வண்டி என்றால் காற்றும் பிங்க்கும், ஹீட்டர் வடித்து ஒதுக்கப்பட்ட நிலையில். கம்ப்ரசர் இல்லை, வாங்கவும் மனமில்லை என்றால் நன்றாக வடித்துவிட்டுப் பிங்க் மட்டும் போடலாம். நிறம் திட்டமாக வரும்வரை ஒரு கேன் கூடச் செலவழித்தால் தவறில்லை. துவைக்கும் இயந்திரமும் அக்வா-ஹாட்டும் உள்ள பெரிய டீசல் வண்டியைப் புதிதாக வாங்கியவர் இந்த ஆண்டு டீலர், அடுத்த ஆண்டு சொந்தக் கை. சூடான கொட்டகை எனக்குத் தண்ணீருக்காகக் கொடுக்கும் பணமாகப் படவில்லை. கூரைக்கும் பெயின்ட்டுக்கும் என்றால் கொடுக்கலாம்.

தேர்வில் கடைசியாகச் சேர்க்க வேண்டியது வசந்த வேலை. காற்று மட்டும் அடித்தவர் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்தால் ஏறத்தாழ முடிந்தது. பிங்க் போட்டவர் பைபாஸைத் திருப்பும் முன்பே குழாய்களைக் கழுவ வேண்டும், இல்லையென்றால் மிச்சத் திரவம் ஹீட்டருக்குள் போய் வாரக்கணக்கில் நுரைக்கும். பிறகு இருவருமே 60 லிட்டர் தண்ணீருக்குக் கால் கப் வாசனையில்லாத பிளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் அந்த வாடை வரும்வரை ஓடவிட்டு, ஓர் இரவு வைத்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். புது வடிகட்டியை அதற்குப் பிறகே மாட்டுங்கள். முன்னால் மாட்டினால் பிளீச் முழுவதையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.